பானெட்டைத் திறந்த பிறகே கைகுலுக்கல்

கர்த்தர்மேல் ஆணையாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார் மெக்கானிக் பாடம் நடத்தியவர் ஆர்வில் ஹாகன். மகளைப் பெண் கேட்டு எவன் வந்தாலும் கார் பானெட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் கைகுலுக்குவார். அதனாலேயே கடைசி மகள் லோர்னாவுக்கு நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

ஞாயிறன்று சர்ச் முடிந்து அவளும் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பிய டுவைட்டும், அப்பா அதுவரை பார்த்திராத ஒரு காரில் வந்து இறங்கினார்கள். கிழவர் நேரே போய் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி முகர்ந்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"சீ! இது ஆயிலா, தாரா? செத்த எலி மாதிரி நாறுது. மனுஷன் ஓட்டுற வண்டியா தம்பி இது?"

"அப்பா, அது வந்து..." என்று லோர்னா வாயெடுத்தாள். டுவைட் அவள் காலை மிதித்தான்.

"தப்பு என்னோடதுதான் சார்."

கிழவர் காறித் துப்பினார். "இஞ்சினையே இப்படி வச்சிருக்கிறவன் உன்னை எப்படிம்மா வச்சுக்குவான்?"

"இவர் இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா!" லோர்னா அழுதேவிட்டாள்.

அவர் விரல்களை அருவருப்போடு துடைத்துக்கொண்டார். "சரி, கட்டித் தொலை. தப்பையாவது ஒத்துக்கிட்டான். ஆனா வண்டிய இவன் தொடக் கூடாது. நீயே பாத்துக்கோ."

கார் லோர்னாவுடையது, அப்பாவின் வகுப்பில் முதல் பரிசு வாங்கியவளும் அவள்தான்.