உப்பு பார்க்கிறவள்

நோன்பு மாதத்துப் பட்டப்பகலில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நுஸ்ஹா ரொட்டியைப் பிய்த்தாள். பக்கத்தில் கிண்ணம் நிறைய ஆலிவ் எண்ணெய், கோப்பை நிறையப் புதினாத் தேநீர். கூடத்தில் இருந்த மாமியாருக்குக் கேட்கட்டும் என்று தட்டைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

இதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. மொராக்கோவின் இந்த மெக்னெஸ் ஊரில் எந்த வீட்டுப் பெண்ணும் அந்த நாட்களில் ஆண்கள் கண்ணில் படாமல் அடுப்படியில் நாலு வாய் தின்றுவிட்டுத்தான் வருவாள்.

திருட்டுத்தனம் வேறு இடத்தில் இருந்தது. பிய்த்த ரொட்டி நுஸ்ஹாவின் வாய்க்குப் போகவில்லை. பின்சன்னல் வழியாகப் பழுப்புப் பூனைக்குப் போனது. தேநீர் சாக்கடைக்குப் போகக் காத்திருந்தது.

அவள் நோன்பாளி. விலக்கு குளிர்காலத்தோடு நின்றுவிட்டது. இது தெரிந்தால் மாமியார் லல்லா ஹாதா சும்மா இருக்கமாட்டாள். "ஒரு பையனாவது பெத்துக் குடு. இல்லேன்னா என் தங்கச்சி மக ராபியா வாழாம வந்து உக்காந்திருக்கா, ஞாபகம் வச்சுக்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவள். சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டும் வாயே திறக்காத கணவன் அல்லாலைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போதாததற்கு அல்லாலின் அண்ணன் மனைவி யாம்னா. நாலு ஆண்பிள்ளை பெற்றவள், ஐம்பதைத் தாண்டியவள். "பள்ளிவாசல் பாங்கு தப்பினாலும் தப்பும், எனக்கு நாள் தப்பாது" என்று கூடத்தில் உட்கார்ந்து பெருமை அடிப்பாள். இந்த வாரம் அவளுக்கும் விலக்கு. காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டு, வாயைத் துடைத்தபடி மாடிக்குப் போய்விட்டாள்.

திடீரென்று நெஞ்சிலிருந்து அந்தச் சூடு கிளம்பியது. கழுத்தில் ஏறிக் காது மடலைச் சுட்டது. முக்காடு நனைந்து ஒட்ட, இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. எதிரே மண்பானை நிறையக் குளிர்ந்த தண்ணீர், ஒரு மிடறு குடிக்க வழியில்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இப்போதெல்லாம் அழுகை அப்படித்தான் வருகிறது.

கதவு திறந்தது. லல்லா ஹாதா.

"சாப்ட்டாச்சுல்ல? அப்ப ஹரீராக் கஞ்சிய நீயே கிண்டு. நோன்பு வச்சவங்களை அடுப்புல நிக்க வைக்கக் கூடாது." பிறகு உற்றுப் பார்த்தாள். "என்னடி, இப்படி வேர்த்து ஊத்துது?"

"அடுப்புச் சூடு மாமி."

"அடுப்பை இன்னும் பத்தவே வைக்கலயே!"

"இல்ல... தேத்தண்ணி குடிச்சேன். அந்தச் சூடு."

லல்லா ஹாதா தேநீர்க் கோப்பையைப் பார்ப்பதற்குள் நுஸ்ஹா அதன்மேல் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சியைக் கிண்டத் தொடங்கினாள். உள்ளுக்குள் எரியும் அடுப்பு ஒன்று, வெளியே எரியும் அடுப்பு ஒன்று. இரண்டையும் அணைக்க அவளால் முடியாது.

கஞ்சி கொதித்ததும் மாமியார் மறுபடி வந்தாள். "உப்பு பாரு. விலக்கானவதான பாக்கணும்? நேத்து யாம்னா பாத்து, வாயில வைக்க முடியல. ஒவ்வொரு நோன்புக்கும் அவ முறை வந்தா இதே கூத்து. முப்பது வருஷமா கஞ்சி காய்ச்சுறவ!"

நுஸ்ஹா முதுகைக் காட்டிக்கொண்டு அகப்பையை உதட்டருகே கொண்டுபோனாள். ருசி பார்க்காமலே நாக்கால் ஒரு சொடக்குப் போட்டாள்.

"சரியா இருக்கு மாமி."

மாமியார் திருப்தியாகப் போனாள். நுஸ்ஹா அவசரமாக மிச்ச ரொட்டியைச் சன்னலுக்கு வெளியே போட்டாள். பூனை முகர்ந்து பார்த்தது. வீங்கிய வயிற்றோடு திரும்பிப் படுத்துக்கொண்டது.

"தின்னு தொலையேன், சனியனே! யாராச்சும் வந்துடுவாங்க."

"யாருக்குடி விருந்து?"

வாசலில் யாம்னா. அவள் கண்கள் வெளியே கிடந்த ரொட்டிக்குப் போயின. கவிழ்த்த தட்டைத் தூக்கினாள். தளும்பத் தளும்பத் தேநீர். அப்புறம் நுஸ்ஹாவின் நனைந்த முக்காட்டைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்தது. நுஸ்ஹா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்கக் கேட்கிற வாய் யாம்னாவுடையது. இன்றைக்கு நோன்பு திறப்பதற்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். பெருநாளுக்குள் ராபியா இரண்டாம் மனைவியாகப் பெட்டியோடு வந்து நிற்பாள்.

"அக்கா, உங்க கால்ல விழறேன். மாமிகிட்ட சொல்லிடாதீங்க. ராத்திரி தூக்கமில்ல, பகல்ல உடம்பு நெருப்பா எரியுது. யார்கிட்ட போய் நான் சொல்றது? அவருக்கு மட்டும் தெரிஞ்சா..."

யாம்னா கதவை உள்ளே தாழ் போட்டாள். ரொட்டித் தட்டை எடுத்து அவளுக்கு விசிறினாள். தன் முக்காட்டைத் தளர்த்திக்கொண்டாள். அவள் கழுத்திலும் வேர்வை வழிந்தது.

பிறகு சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"நீ வேற பூனையப் பாருடி. இது மூணு வருஷமா என் பங்கைத் தின்னுட்டிருக்கு."