கசாப்புக்கடை லெய்

எதிர்வீட்டுப் பார்சலை டெலிவரி ரோபோ வென்ஷியின் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தது. பெட்டியின் மேல் பெயர்: கசாப்புக்கடை லெய்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே பேசியதும் இயந்திரம்தான்.

“உங்க ரோபோ வீடு மாத்தி வெச்சிட்டுப் போயிடுச்சு. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

“எதிர்க்கதவுதானே சார், நீங்களே குடுத்துடுங்களேன்.”

சார் என்றதை அவள் திருத்தவில்லை.

“அந்த ஆளு பேரைக் கேட்டாலே பயமா இருக்கு!”

“அப்ப அவரையே உங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா சார்?”

“ஐயோ, வேணாம்!”

பெட்டியை எதிர்வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று போனாள். குனிவதற்குள் கதவு திறந்தது. கையில் துடைப்பத்தோடு ஒல்லியாக ஒரு பெண்.

“லெய் அண்ணன்...”

“குளிக்கிறாரு,” என்றாள் அந்தப் பெண் அவசரமாக.

அவள் காலடியில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு, பூப்போட்டது. வாசலில் வேறு செருப்பே இல்லை.

“அக்கா, உங்க வீட்டு குத்துச்சண்டை பாங் இருக்காரா? பார்சல்ல அவர் பேரைப் பார்த்தாலே நான் கதவைச் சாத்திக்குவேன்.”

ஹாங்சோ நகரத்தில் தனியாக இருப்பது வெளியே தெரியக்கூடாதென்று, வென்ஷி தன் பார்சல்களுக்கெல்லாம் போட்டுவந்த பெயர்தான் அந்தக் குத்துச்சண்டை பாங்.

“பயப்படாதேம்மா,” என்றாள். “அவரும் குளிச்சிட்டுதான் இருக்காரு.”