சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஆள்

"ஏம்ப்பா, வாத்தியாரு பெயிலாப் போனா அவரை யாரு அடிப்பாக?"

ஐந்து நாளைக்கு முன், பயிற்சி முகாமுக்குக் கிளம்பியபோது மகள் முத்துமீனா கேட்டது. அன்று மலைச்சாமி சிரித்துவிட்டுப் பஸ் ஏறினார். இன்று சிரிப்பு வரவில்லை.

விளாங்குடியில், சமுதாயக் கல்லூரிகளின் கணினி ஆசிரியர்களுக்காக நடந்த முகாமின் கடைசி நாள். ஆளுக்குப் பத்து நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். மற்றவர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மார்க் போடுவார். தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வாடிப்பட்டிக் கல்லூரியில் ஜூன் மாதம் வேலை தொடரும்.

மலைச்சாமி பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பவர். பிரித்த மிஷின் முன்னால் நின்றால் அவர் பேச்சை நிறுத்த முடியாது. திரையில் ஸ்லைடு ஓடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேற்று ஒத்திகையில் ஏழு ஸ்லைடையும் ஒன்றரை நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டு, மீதி எட்டரை நிமிடமும் சும்மாவே நின்றார்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நிமிசத்துல முடிச்சிருவீகளா?" என்றான் உடன் பயிற்சிக்கு வந்த ஜெயபாண்டி. "பஸ் ஸ்டாண்டுல ஊர்ப்பேரு கூவுறவன்கூட உங்களைவிட மெதுவாச் சொல்லுவான்ணே."

மலைச்சாமி முகாமை நடத்தும் சுபலட்சுமியிடம் போனார்.

"மேடம், ஸ்லைடு இல்லாம, மிஷினைப் பிரிச்சு வச்சு வகுப்பு எடுக்கட்டுமா?"

"முடியாது சார். எல்லாருக்கும் ஒரே விதி. ஸ்லைடோடதான் ஆரம்பிக்கணும்." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கதான் முதல் ஆளு. வெறும் வயித்தோட நிக்காதீங்க. எல்லாரும் சாப்பிடக் கிளம்புங்க."

பந்தியில் சோற்றைத் தொடாமல், அப்பளத்தைப் பார்த்தபடி மலைச்சாமி, "ஸ்லைடு ஒண்ணு, கணினியின் பாகங்கள். ஸ்லைடு ரெண்டு..." என்று முணுமுணுத்தார்.

"அப்பளத்துக்கு என்னண்ணே பாடம் நடத்துறீக?" என்றான் பக்கத்தில் இருந்த ஜெயபாண்டி. "அது பாஸாகி நொறுங்கிப் போச்சு. நீங்க சாப்பிடுங்க."

இரண்டு மணிக்கு, அழகரை மனசுக்குள் கும்பிட்டு மிஷினைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. உள்ளிருந்து "பீ...ப், பீ...ப்" என்று சத்தம் மட்டும் வந்தது.

காலையில் எட்டுப் பேருக்கு ஒழுங்காக ஓடிய மிஷின்.

"மேடம், ஸ்டார்ட் ஆகலை..."

"உங்க பத்து நிமிஷம் ஆரம்பிச்சிருச்சு சார்," என்றாள் சுபலட்சுமி, கடிகாரத்தைப் பார்த்தபடி. "வேற மிஷின் கிடையாது. பார்த்துச் செய்ங்க."

பெரியவர் பேனாவை மூடி வைத்தார். ஜெயபாண்டிகூடச் சிரிக்கவில்லை. சத்தம் மறுபடி வந்தது. மலைச்சாமியின் தலை தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது.

"கேக்குதா?" என்றார். "நீளமா, விட்டு விட்டு அழுகுது. பேசத் தெரியாத பிள்ளை பசிச்சா ஒரு மாதிரி அழும், வயிறு வலிச்சா ஒரு மாதிரி அழும்ல? இதுவும் அப்படித்தான். கரண்டு வருது, காத்தாடி சுத்துது. அப்ப வலி எங்க? சொல்லுங்க பாப்பம்."

"ரேமா சார்?" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

"இருக்கலாம். நம்பாதீக, பிரிச்சுப் பாப்பம். மொதல்ல கரண்டைப் புடுங்கணும். நான் மறந்தா நீங்க என்னைத் திட்டணும்." பக்கவாட்டு மூடி கழன்றது. எல்லோரும் எழுந்து சுற்றி வந்துவிட்டார்கள். "இந்தா, இந்தப் பட்டைதான் ரேம், மிஷினோட ஞாபகசக்தி. மேல தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. யாராவது ரப்பர் குடுங்க. பென்சில் எழுத்தை அழிப்பமே, அந்த ரப்பர்தான்."

ஜெயபாண்டி பையைத் துழாவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"நீயே தேயி மாப்ள. அந்தப் பொன் நிற ஓரத்தை மட்டும். பச்சப்பிள்ளைக்குப் பல்லு விளக்குற மாதிரி, நோகாம. ம்... இப்ப வச்சு அமுக்கு. 'டக்'குன்னு கேக்கணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே!"

மிஷினைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. பத்து நிமிட மணியும் அடித்தது. யாரும் இடத்துக்குப் போகவில்லை. பெரியவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதிவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம் எடுங்களேன்," என்றார்.

சாயங்காலம் சான்றிதழைச் சுருட்டாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மலைச்சாமி சுபலட்சுமியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். ரேம் தானாக் கழண்டு வராது. ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கு. யாரோ வேணும்னேதான் விலக்கி விட்டிருக்காக. ஜெயபாண்டியோன்னு நெனச்சேன். பாவம், அவன் என்கூடத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்."

"விடுங்க சார். பஸ் போயிரும்."

"யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும் மேடம். என்னையக் கெடுக்கத்தான் நெனச்சாக. சாமி அதையே நல்லதா ஆக்கிட்டாரு."

"மகளைக் கேட்டதாச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள் அவள்.

அவர் போன பிறகு ஹாலில் யாரும் இல்லை. சுபலட்சுமி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். முகாமின் முதல் நாள், அதிகாரிகள் வாசலில் வந்து இறங்கிய நேரத்தில், பதற்றத்தில் எதையோ மாற்றிச் செருகி அதே மிஷினை நிறுத்தியவள் அவள். அப்போது மேசைக்கடியில் மண்டியிட்டு அதை ஓடவைத்து, ஒருவரிடமும் வாய் திறக்காமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தவர் மலைச்சாமி. அவருக்கே அது இந்நேரம் மறந்திருக்கும்.

இன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, பிரித்த மிஷின் முன்னால் அவர் நிற்கட்டும் என்று அந்த இரண்டு கொக்கிகளையும் விலக்கிவிட்டவள் சுபலட்சுமிதான்.