தேசம்மா அனுப்பிய பணம்

மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். தேசம்மா அவளுக்குத் தர வேண்டியது.

ஆடி மாசம் தேசம்மாவின் பையன் காய்ச்சலில் கிடந்தபோது வாங்கியது. வட்டி கிடையாது. இரண்டு பேரும் ஒரே மேஸ்திரியிடம் சித்தாள் வேலை, இதில் வட்டி எங்கே கேட்பது. இவளும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கினால் தேசம்மா டீக்கடைப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

இன்றைக்குத் தருகிறாள். அதுவும் கையில் இல்லை. போனில்.

பால்வாடிக் கூடம். பகலில் பிள்ளைகள் தூங்குகிற பாயில் சாயங்காலம் அம்மாக்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். கலவை தூக்கிய இடுப்பு சுவரில் சாய்ந்தால் நிமிர மாட்டேன் என்கிறது. இவளுக்குக் கண் சொக்கியது. முழங்கால் தூங்க விடவில்லை.

அந்தக் காலுக்குத்தான் இந்தப் பணம்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு இரண்டு மாசம் கழித்துத் தேதி போட்டிருக்கிறார்கள். வெளியில் எடுத்தால் நாளைக்கே எடுத்துவிடலாம். இரண்டு மாசம் மேஸ்திரி பொறுக்க மாட்டார். மாடி ஏற முடியாதவளுக்குச் சைட்டில் என்ன வேலை என்று நேற்றே கேட்டுவிட்டார்.

தேசம்மா எழுந்து நின்றாள். பரீட்சைக்கு நிற்கிற மாதிரி.

தானே அனுப்புவேன், யாரும் தொடக் கூடாது என்று நஸ்ரின் மிஸ்ஸிடம் சொல்லி வைத்திருந்தாள். மிஸ் இதே பிளாக்கில் மேல்மாடியில் இருக்கிற பெண். காலேஜ் முடித்துவிட்டு, சாயங்காலத்தில் இவர்களுக்கு எழுத்தும் போனும் சொல்லிக் கொடுக்கிறார். நம்பரைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னார். தேசம்மா கேட்கவில்லை. நம்பர் மனப்பாடம். ஒரு வாரமாகச் செங்கல் சுமக்கும்போது அதைத்தான் பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சிமெண்ட் தின்ற விரலைப் போன் மதிக்கவில்லை.

முந்தானையில் துடைத்தாள். எச்சில் தொட்டாள். கடைசியில் விரலை மடக்கி, முட்டியால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள்.

வெளியே தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை போடுகிற சத்தம் மட்டும்.

தேசம்மாவின் புருசன் ஏழுமலை சொன்னது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ரூபாய் தொலைத்துவிட்டு வந்து நின்றாலும் போனை உடைத்து அடுப்பில் போடுவேன், அதோடு இந்தப் படிக்கிற கூத்தும் முடிந்தது என்று சொல்லியிருக்கிறான். செய்கிற ஆள்தான். கூலி தேசம்மா பேருக்கு விழுந்து, அவள் விரலால் செலவாவது கொஞ்ச நாளாகத்தான்.

டிங்.

தேசம்மாவின் போனில் பச்சை டிக்கு.

கூடமே கை தட்டியது. போண்டா எங்கேடி என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். இருந்ததெல்லாம் அக்காவுக்குப் போயிருச்சு, பஸ்ஸுக்குக்கூட இல்ல, அடுத்த வாரம் பார்ப்போம் என்று தேசம்மா சிரித்தாள்.

இவள் தன் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள்.

சும்மா கிடந்தது.

சில நேரம் தாமதமாகும். மிஸ் சொல்லியிருக்கிறார்.

தேசம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தி, தன் போனை இவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். பச்சை டிக்குக்குக் கீழே ஒரு பேர். இங்கிலீஷில். பேர் வரும், படித்துவிட்டு அமுக்க வேண்டும் என்பது பாடம். பேர் வந்தது. தேசம்மா அமுக்கிவிட்டாள். தமிழ் எழுத்தே இப்போதுதான் கூட்டி வருகிறது, இங்கிலீஷுக்கு எங்கே போவாள்.

இவளுக்குக் கொஞ்சம் வரும். தன் பேர் கே-யில் தொடங்கும் என்கிற அளவுக்கு.

அங்கே இருந்தது ஆர்.

நம்பரைப் பார்த்தாள். கடைசி இரண்டு எண்ணும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

போன மாசம் பட்டம்மாளுக்கும் இப்படித்தான் ஆனது. மிஸ் அந்த நம்பருக்குப் போன் போட்டார். யாரோ ஒருத்தன், பார்க்கிறேன் என்றான். அப்புறம் எடுக்கவே இல்லை. பேங்கில் எழுதிக் கொடுத்ததற்கு இன்னும் பதிலும் இல்லை. பட்டம்மாள் அதோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பால்வாடியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறாள்.

"வந்துச்சாக்கா?"

தேசம்மாவின் புருவத்தில் இன்னும் சிமெண்ட் தூள். குளிக்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

மிஸ் அந்தப் பக்கம் திரும்பி போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

இவள் காலை நீட்டப் பார்த்தாள். நீளவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி உதடு அசைந்தது.

"வந்துருச்சு."

தேசம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அத்தனை நாளும் இவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்ததாகச் சொன்னாள். ராத்திரி புருசனிடம் பச்சை டிக்கைக் காட்டப் போவதாகவும் சொன்னாள்.

இவள் தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே பேரைப் படிச்சுட்டு அமுக்குடி. தெரியலன்னா என்னைக் கேளு."

"அதான் வந்துருச்சுல்லக்கா."

"ஆமா," என்றாள். "நம்ம கணக்கு தீந்துச்சு."