மதியச் சாப்பாட்டுத் தப்புகள்

“பக்கவாதமா? ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டா ஏத்தணும். வேற வழியே கிடையாது” என்று அடித்துச் சொன்னார் டாக்டர் வால்ட் நோவாக், சாப்பாட்டு அறையில் சாசேஜ் பன்னைக் கடித்தபடி.

ஹைடி லார்சனுக்குச் சுர்ரென்று ஏறியது. அமெரிக்காவில் மில்வாக்கி நகர மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கென்றே இருக்கும் மருந்தாளர் அவள். புதிய ஆராய்ச்சி எது வந்தாலும் சுடச்சுடப் படித்துவிடுவாள்.

“எந்தக் காலத்துல இருக்கீங்க டாக்டர்? இப்ப ஒரே ஊசி, ஒரே அழுத்து, முடிஞ்சுது! ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாச்சு. புதுசு ஒண்ணும் குறைச்சலில்ல.”

“சும்மா கதை விடாதே. மூளையில ரத்தக் கசிவு வந்தா?”

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஹைடி புள்ளிவிவரங்களாகக் கொட்டித் தீர்த்தாள். வால்ட் மென்றுகொண்டே, “ம்... அப்படியா?” என்றார்.

இத்தனைக்கும் ஹைடி வாயாடி அல்ல. வேலைக்கு வந்த புதிதில், “புதுசா என்ன வந்திருக்கு?” என்று வால்ட் கேட்டபோது, “மருத்துவ இதழ் அங்கதான் கிடக்கு, பாருங்க” என்று முடித்துக்கொண்டவள்தான்.

இப்போதோ தினமும் மல்லுக்கட்டு. வால்ட் வந்து உட்காருவார், அவள் பக்கத்தில் கிடக்கும் இதழின் அட்டையை ஒரு பார்வை பார்ப்பார், ஏதாவது ஒன்றை உளறுவார். வலிப்பு நிற்காவிட்டால் பழைய மருந்துதான் ஒசத்தி என்றார் ஒரு நாள். மூன்று மருந்தை மோதவிட்டு மூன்றும் ஒன்றுதான் என்று எப்போதோ முடிவு சொல்லிவிட்டார்களே என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஹைடி.

ஒரு நல்ல குணம், சொன்ன தப்பை அவர் மறுபடி சொன்னதில்லை. நோயாளியின் கட்டிலருகே இதுவரை ஒரு தப்பும் செய்ததில்லை. ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் தகுதித் தேர்வில் அதிர்ஷ்டம் கைகொடுக்குமா? அவசரப் பிரிவு மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதியாக வேண்டிய தேர்வு அது; இந்த மாதம் வால்ட்டின் முறை. தோற்றால் அவசரப் பிரிவுக்குள் மருத்துவராகக் கால் வைக்க முடியாது.

ஹைடிக்குக் கோபத்தைவிடப் பாவமாகத்தான் இருந்தது. அவளுடைய அப்பா மாரடைப்போடு வந்தபோது இழுத்துப் பிடித்துக் காப்பாற்றியவர் இந்த மனிதர்தான். மனம் கேட்காமல் பிரிவின் தலைவி கேரலிடம் போய் நின்றாள்.

“கேரல், வால்ட்டோட தேர்வைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க. நல்ல மனுஷன், மானம் போயிடும். மருந்து விஷயத்துல ரொம்பப் பின்தங்கிட்டாரு.”

கேரல் அவளை விநோதமாகப் பார்த்தாள். “யாரு, வால்ட்டா? அவரு எழுதி, முடிவும் வந்தாச்சு. மருந்துக் கேள்வியில ஒண்ணுகூடத் தப்பில்லையாம்!”

ஹைடி நேராகச் சாப்பாட்டு அறைக்கு ஓடினாள். வால்ட் பொரித்த சீஸ் உருண்டைகளோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

“எப்ப டாக்டர் படிச்சீங்க இவ்வளவையும்?”

“நான் எங்கம்மா படிச்சேன்? எல்லாம் நீ படிச்சதுதான்.”

“அப்ப... தினமும் தப்புத் தப்பா உளறினது?”

வால்ட் ஒரு சீஸ் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

“சரியாச் சொன்னா நீ வாயே திறக்க மாட்டியே!”