ஜெப நேரத்தில் மிக்ஸி

எல்லாரும் கண்ணை மூடியதும் சமையலறையில் மிக்ஸி அலறியது.

சகாயமேரிக்கு மானம் போனது. கோயில் ஜெபக் குழுவை வீட்டுக்கு வரவழைத்ததே அவள்தான். தம்பி பிரின்ஸுக்காக ஜெபிக்க வேண்டுமென்று சேத்துப்பட்டிலிருந்து பஸ் ஏறி ஆரணிக்கு வந்திருந்தாள்.

பிரின்ஸுக்கு முப்பத்திரண்டு வயது. பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். பெருங்குடலில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து, மலம் இறங்க வயிற்றின் ஓரத்தில் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

கோயிலில் அவன் பாட எழுந்தால் கடைசி வரிசைப் பேச்சுகூட நின்றுவிடும். அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு பூசைக்கும் போகவில்லை.

பொண்டாட்டிதான் விடுவதில்லை என்று ஊரில் பேச்சு.

குழுத் தலைவர் தாவீது குரலை உயர்த்தி ஜெபித்தார். மிக்ஸி நின்றது.

"இப்போ கொஞ்ச நேரம் அவங்கவங்க மனசுக்குள்ள மௌனமா வேண்டிக்குவோம்."

உடனே மறுபடியும் மிக்ஸி.

"நல்லா வந்து வாய்ச்சா பொண்டாட்டி!" என்று யாரோ ஒரு பெண் முணுமுணுத்தாள்.

சகாயமேரி விருட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனாள்.

"ஏன் அமுதா, உன் புருஷன் பொழைக்கணும்னு இத்தினி பேரு முட்டி போட்டுகினு கெடக்கறாங்க. உனுக்கு இப்பதான் சட்னி கேக்குதா?"

அமுதா மிக்ஸி மூடியை அழுத்திய கையை எடுக்கவில்லை.

ஜாருக்குள் ஒன்றுமே இல்லை.

"வெறும் ஜார்ல என்னாத்தடி அரைக்கிற?" சகாயமேரி சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

"ஐயோ, வேணாம் அண்ணி..."

வீடு நிசப்தமானது. அந்த நிசப்தத்தில், ஹாலிலிருந்து நீளமாக ஒரு சத்தம். காற்றுப் பிரியும் சத்தம்.

யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சகாயமேரி திரையை விலக்கிப் பார்த்தாள். பிரின்ஸ் சட்டைக்கு மேலே இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான். முகத்தைக் காணவே முடியவில்லை. காது மடல் மட்டும் சிவந்து தெரிந்தது.

தம்பிக்குப் பை ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியும். அது சத்தம் போடும் என்று யாரும் சொன்னதில்லை.

"அத அவரால அடக்க முடியாது அண்ணி." அமுதா கிசுகிசுத்தாள். "மத்த நாள்ல பக்கத்து வூட்டுத் தறி ஓடிகினு இருக்கும், ஒண்ணும் தெரியாது. இன்னிக்கி ஞாயித்துக்கெழம. நீங்கள்லாம் வர்றீங்கன்னு காலைலருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல அவரு. அப்பவும் வருது."

"கோயிலுக்கு...?"

"நான் கூப்பிடாத நாளில்ல. 'பூசைல எல்லாரும் அமைதியா இருப்பாங்களே அமுதா'ன்றாரு."

அமுதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஹாலில் மீண்டும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சகாயமேரி கையை நீட்டி சுவிட்சைப் போட்டாள். தாவீது ஆமென் சொல்லும்வரை அணைக்கவில்லை. அழுதது அவளுக்கே கேட்கவில்லை.

எல்லாரும் கிளம்பியபோது வாசலில் தாவீது அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஜெப நேரத்துல இப்படியா மிக்ஸி போடுவாங்க? பெரியவங்க, நீங்கதான் அந்தப் பொண்ணக் கண்டிக்கணும்."

"அது ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள் சகாயமேரி. "மிக்ஸி போட்டது நான்தான்."