பிடி வைக்காத வண்டி

"பின்னாடி பிடியே இல்லாம இது என்னடி வண்டி?" என்று புதுச் சக்கர நாற்காலியைப் பார்த்துக் கோமளம் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். பிடி இருந்தா நீ விடமாட்டே, அத்தை!" பதினோரு வயது தேன்மதி அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

பழைய சக்கர நாற்காலி ஏதோ முகாமில் கொடுத்தது, பெரியவர்களுக்கானது. அதில் தேன்மதி மூழ்கிக் கிடப்பாள், கை சக்கரத்துக்கு எட்டாது. பள்ளிக்கூடமோ கழிப்பறையோ, கோமளம்தான் தள்ள வேண்டும். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம், "அண்ணன் பொண்ணை அப்புறம் யாரு தள்ளுவா?" என்றே திருப்பி அனுப்பினாள். அண்ணனும் அண்ணியும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள், வசதியாக அல்லவா இருந்தது!

புது வண்டி தேன்மதியின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. இரண்டே தள்ளில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு தெருமுனைக் கடைக்கே போய்விட்டாள்.

"ஐயோ, விழுந்துடப்போறா!"

"விழக் காணோமே அக்கா," என்றாள் கீழ்வீட்டு சுகந்தி, நக்கலாக.

கோமளம் மாடிப்படியில் உட்கார்ந்தாள். விரல்கள் மட்டும் எதையோ பிடித்தபடியே மடங்கியிருந்தன.

அடுத்த தையில் ஓசூர் வரன் வந்தபோது சொல்வதற்கு அவளிடம் காரணம் இல்லை. நாற்பத்தோரு வயதில் கல்யாணமாகிப் போனாள். மாப்பிள்ளை காய்கறிப் பையைக்கூட அவள் கையில் தருவதில்லையாம். "எனக்குச் சும்மா இருக்கவே வரலையே," என்று சுகந்தியிடம் போனில் புலம்புகிறாளாம்.